மண்ணீரலும் என் முகமும்

போன மாதம் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் எங்கள் பழைய ஸ்கேன் டிபார்ட்மென்டில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். கறிபாப், பச்சைக் கலரில் ஏதோ குவே பலகாரம், பேப்பர் கப்பில் தேநீர். தின்று முடிப்பதற்குள் புதிய ஸ்கேன் அறைகளைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். ஒவ்வோர் அறையிலும் படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய டிவி. நோயாளி படுத்தபடியே தன் வயிற்றுக்குள் இருப்பதைத் தானே பார்த்துக்கொள்ளலாமாம். அங்கே வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"மேடம், ஒங்க டைம்ல ஸ்கேன் பண்ண எந்த ஆர்கன் ரொம்பக் கஷ்டம்?"

"ஸ்ப்ளீன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். "பான்கிரியாஸ்னு சொல்வீங்கன்னு நெனச்சோம். ஸ்ப்ளீன் ஈஸி லா, மேடம்!"

அவர்கள் சொல்வது சரிதான். கணையம் வாயுவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கண்ணாமூச்சி ஆடும். மண்ணீரல் அப்படியில்லை. இடது விலாவுக்கு அடியில், கைமுட்டி அளவில், யார் வம்புக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கும் உறுப்பு. திரையில் மாவு சலித்துப் பரப்பியதுபோல் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். ஆனால் எனக்கு அதுதான் கஷ்டம். ஏன் என்று நின்ற வாக்கில் சொல்லி முடிக்க முடியாது, தேநீர் வேறு ஆறிக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

மண்ணீரலைப் பார்க்க வேண்டுமானால் நோயாளி வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் விலா எலும்புகள் கொஞ்சம் விலகி வழிவிடும். நாங்கள் நிற்பது எப்போதும் படுக்கைக்கு வலப்பக்கம். கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் நோயாளி மல்லாந்து கூரையைப் பார்ப்பார், இல்லையென்றால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். மண்ணீரலுக்கு மட்டும் நேராக நம்மைப் பார்த்தபடி படுப்பார். அறை இருட்டு. திரை நம் பக்கம் திரும்பியிருக்கும், அதன் வெளிச்சம் விழுவது நம் முகத்தில் மட்டும். அந்த மனிதர் வேறு எதைத்தான் பார்ப்பார்? நம் முகத்தைப் பார்ப்பார்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. கான்வென்ட் படிப்பு முடிந்தது, எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். சில வருடங்கள் மார்பும் எலும்பும் எடுத்தேன். எழுபதுகளின் நடுவில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் மெஷின் வந்தது. மாவுக்கட்டுப் போடும் அறைக்கு அடுத்திருந்த சாமான் அறையைக் காலி செய்து அதை வைத்தார்கள். எக்ஸ்ரே ஆட்களுக்கு அது விளையாட்டுச் சாமான். யாரும் போக மாட்டேன் என்றதும் என்னைப் போட்டார்கள். கல்யாணம் ஆகாதவள், எதிர்த்துப் பேச மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். முதலாவது சரி.

இன்றைய பிள்ளைகள் அந்த மெஷினைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள். மேலேயிருந்து மூன்று மூட்டு வைத்த ஓர் இரும்புக் கை தொங்கும், அதன் நுனியில் உடம்பைத் தொடும் புரோப். பல் டாக்டர் அறையில் பார்ப்போமே, அந்த மாதிரி. தோலில் எண்ணெய் தடவி, நோயாளியை மூச்சுப் பிடிக்கச் சொல்லி, ஒரே சீராகக் கையை இழுத்தால் ஒரு படம் விழும். நடுவில் மூச்சு விட்டால் படம் கலங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. மண்ணீரலுக்கு முழு மூச்சும் ஆகாது, நுரையீரல் இறங்கி மறைத்துவிடும். அரை மூச்சு வேண்டும். இந்த அரை மூச்சை நான்கு மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டேன். என் ஹொக்கியன் மொழியைக் கேட்டுச் சீனப் பாட்டிகள் சிரித்து, பிடித்த மூச்சையெல்லாம் விட்டுவிடுவார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சியோவ். நெடுநெடுவென்று ஒல்லியான சீனப் பெண்மணி. வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடையோடுதான் வருவார். அறைக்குள் நுழைந்ததும் எண்ணெய்ப் புட்டியை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் இறக்கி வைப்பார், பிறகு தன் கைகளையும் அதே வெந்நீரில் நனைத்துத் துடைப்பார். நோய்க்காரர்களின் வயிற்றில் சில்லென்ற எண்ணெயை ஊற்றுவது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். பேசுவது ஆங்கிலம், அதுவும் காசு கொடுத்து வாங்கிய வார்த்தைகளைப் போல எண்ணி எண்ணி.

மண்ணீரலில் என்னென்ன வரும், எப்படித் தெரியும் என்பதெல்லாம் அவரோடு நின்று பார்த்ததுதான். அப்போது புத்தகங்களிலேயே அரைப் பக்கத்துக்கு மேல் கிடையாது. வெள்ளையாக, வட்டமாக, ஓரம் சுத்தமாக ஒரு புள்ளி இருந்தால், அது பெரும்பாலும் இரத்தக் குழாய்கள் சுருண்டு திரண்ட சாதுக் கட்டி. தன்பாட்டுக்குக் கிடக்கும். உள்ளே ஒன்றுமே இல்லாமல் கன்னங்கறுப்பாக இருந்தால் நீர்க்கட்டியாக இருக்கலாம். அப்போதுதான் அவர் பேனாவின் பின்பக்கத்தால் திரையைத் தட்டுவார். கறுப்பைத் தட்ட மாட்டார், கறுப்புக்குக் கீழே தட்டுவார்.

"அதற்குப் பின்னால் என்ன தெரிகிறது?"

தண்ணீர் ஒலியைத் தடுக்காது. அதனால் நீர்க்கட்டிக்குப் பின்னால் இருக்கும் இடம் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பு இல்லையென்றால் அது தண்ணீர் இல்லை, கறுப்பு வேஷம் போட்ட சதை. ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினால் கறுப்புக்குள்ளே மெல்ல மெல்லப் புள்ளிகள் எழுந்து வரும். நிணநீர்ப் புற்று பல நேரம் இந்த வேஷத்தில்தான் வரும். வேறு இடத்திலிருந்து பரவி வந்த புற்றென்றால் நடுவில் வெளுத்துச் சுற்றிலும் கறுப்பு வளையம் கட்டி வருவதும் உண்டு. "ஆனால் படம் பெயர் சொல்லாது. முகம் காட்டும், அவ்வளவுதான்" என்பார். கெட்டது சாது போலவும், சாது கெட்டது போலவும் வந்து நின்றதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. பார்த்ததை நோயாளியிடம் நாங்கள் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை. இதை எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். டாக்டர் சியோவ் ஒருபடி மேலே போய், "வாய் மட்டுமல்ல ஸ்டெல்லா, முகமும் பேசக்கூடாது" என்றார். நான் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டேன். நல்லதற்கும் கெட்டதற்கும் அதே முகம்.

அந்த முகத்தால் வந்த முதல் வினை எங்கள் மாதா கோயிலில்தான். தமிழ் மட்டும் தெரிந்தவர் யார் வந்தாலும் என் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பாடகர் குழுவில் பாடிய அதே கோயிலின் சனங்கள்தான் பாதிப் பேர். ஒருநாள் எங்கள் கோயில்பிள்ளை சூசை அண்ணன் வந்தார். மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பிந்தி வருபவர்களை முறைப்பவர் அவர்தான். பித்தப்பையில் கல் இருக்கிறதா பார்க்க வந்தார், மண்ணீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி அகப்பட்டது. வட்டம், சுத்தமான ஓரம், சாது. நான் என் கண்ணாடி முகத்தோடு படம் எடுத்து அனுப்பினேன். சில நாள் கழித்து அவருடைய டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அத்தனை பேர் முன்னாலும் சூசை அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா ஸ்டெல்லா, ஒரு வெள்ளப் புள்ளிக்கா பெரிய வெள்ளிக்கிழம மூஞ்சி காட்டுன? நான் போச்சுடா உசுருன்னு நேரா ஃபாதர்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். சொன்னத எல்லாம் இப்ப எப்படித் திரும்ப வாங்குறது?"

கோயில் வளாகமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு சனங்கள் என் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். நற்கருணை வாங்கிவிட்டு நான் இருக்கைக்குத் திரும்பும்போது, அந்த வாரம் ஸ்கேனுக்கு வந்தவர்களின் குடும்பம் என்னையே பார்க்கும். இவருக்குக் கல்லீரல், அந்த அம்மாவுக்குக் கர்ப்பப்பை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். கல்யாண வீடுகளுக்கு அழைப்பது மெல்லக் குறைந்தது. குற்றம் சொல்ல மாட்டேன். பந்தியில் எதிரே உட்கார்ந்து பாயசம் குடிக்க என்னை விட்டால் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மிச்சம் இருந்தவள் ரோஸ்லின். பாடகர் குழுவில் இரண்டாம் குரலில் எனக்கு அடுத்து நிற்பவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருக்கும். அதனால் பூசை முடிந்ததும் நானும் அவளும் அவளுடைய சின்ன மகள் ரீத்தாவும் சிராங்கூன் ரோட்டில் ஒரு தோசைக் கடைக்குப் போவோம். அம்மா இறந்த பிறகு குவீன்ஸ்டவுன் வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. வாரம் முழுவதும் மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த ஒரு மேசையில்தான் நான் வாய் திறந்து பேசினேன்.

"ஒனக்கு வாரம் பூரா பேசாம வாய் புளிச்சுப் போயிருக்கும்டி. பேசு, பேசு. நான் கேக்குறேன்" என்பாள் ரோஸ்லின். "எனக்கு அப்படியே ஆப்போசிட். ஊர் பேச்செல்லாம் காதுல விழும், ஒண்ணையும் வெளிய சொல்லக்கூடாது. ரெண்டு பேரும் நல்லா சேந்தோம் லா."

எழுபதுகளின் கடைசியில் அவளுக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். தோசை பாதி தின்றதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவாள். டாக்டர் தொட்டுப் பார்த்து ஸ்கேனுக்கு எழுதினார். அவளை எனக்குத் தெரியும் என்று டாக்டர் சியோவிடம் முன்கூட்டியே சொன்னேன். வேண்டுமானால் வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார். ரோஸ்லின் ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியாத ஆளு தொட்டா எனக்குக் கூசும். ஸ்டெல்லா போதும்" என்றுவிட்டாள்.

ஒருக்களித்துப் படுத்தாள். வெந்நீரில் வைத்திருந்த எண்ணெயை ஊற்றினேன்.

"என்னடி, தோசக் கல்லுல விடுற மாதிரி விடுற?"

"சிரிக்காத. அர மூச்சு இழுத்துப் பிடி."

முதல் இழுப்பிலேயே தெரிந்தது. மண்ணீரலின் கீழ்ப் பகுதியில் வட்டமாக, கன்னங்கறுப்பாக ஒன்று. எனக்கு உயிர் வந்தது. நீர்க்கட்டிதான், ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். பிறகு வழக்கம்போல் அதற்குப் பின்னால் பார்த்தேன். வெளுப்பு இல்லை. மறுபடி இழுத்தேன், வேறு விலா இடுக்கு வழியாக இழுத்தேன். வெளுப்பு இல்லை. குமிழைத் திருகினேன். கறுப்புக்குள்ளே தூறல் விழுந்ததுபோல் புள்ளிகள் எழுந்து வந்தன. சதை.

டாக்டர் சியோவை அழைத்தேன். வந்தார், கையை நனைத்தார், அவரே இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பேனாவால் கறுப்புக்குக் கீழே ஒரு முறை தட்டினார். ரோஸ்லினின் தோளைத் தொட்டு, படங்களைப் பார்த்துவிட்டு அவளுடைய டாக்டரிடம் பேசுவதாகச் சொன்னார். என்னிடம் இன்னும் இரண்டு படம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் நாங்கள் இருவர்தான். அவள் கண் என் முகத்தை விட்டு அசையவே இல்லை.

"மொதல்ல ஒன் மூஞ்சி தெளிஞ்சுது. அப்புறம் இருண்டுச்சு. என்ன பாத்த?"

"மூச்சப் பிடி, ரோஸ்லின்."

பிடித்தாள். படம் எடுத்தேன். விட்டாள்.

"கேன்சரா?"

"டாக்டர் சொல்வாங்க."

"ரூல் எனக்குத் தெரியாதா? நானும் அதே ரூல்லதான் வேல பாக்குறேன். வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணும் இல்லன்னா, சும்மா கொஞ்சம் சிரி. போதும்."

என் ஆயுளில் என்னிடம் யாரும் இவ்வளவு சின்னதாக ஒன்றைக் கேட்டதில்லை. சிரிக்க என்ன செலவு? ஆனால் அந்தக் கறுப்பு என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்த மட்டும் அது நல்ல ஜாதியாகத் தெரியவில்லை. சிரித்தால் பொய். சிரிக்காவிட்டால் அதுவே பதில். நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

சர்ஜன் அவளிடம் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால் மண்ணீரல் இரத்தம் கொட்டிவிடும். உறுப்பையே எடுத்துப் பார்த்தால்தான் எந்தக் கட்டி என்று தெரியும். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அந்த நேரம் திருச்சியிலிருந்து அவளுடைய அக்கா வந்து தங்கியிருந்தார், ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. ரீத்தாவை அக்காவோடு அனுப்பப் போகிறாள் என்று சூசை அண்ணன் வந்து சொன்னார். ஓடினேன். ரோஸ்லின் தரையில் உட்கார்ந்து குட்டிக் கவுன்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் முடியட்டும்டி. அதுக்கப்புறம் அனுப்பு. டாக்டருக்கே இன்னும் தெரியாது."

"டாக்டருக்குத் தெரியாது. ஒன் மூஞ்சிக்குத் தெரியும்." அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எங்கக்காவுக்குப் புள்ள இல்ல, நல்லாப் பாத்துக்கும். நான் இருக்கும்போதே பழகிக்கிட்டா இவளுக்கு நல்லது."

ரீத்தாவுக்கு அப்போது பேச்சே சரியாக வராத வயது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு விளையாடியது.

ஆபரேஷன் முடிந்து, எடுத்த மண்ணீரல் சோதனைக்குப் போனது. ஒருநாள் மத்தியானம் கேன்டீனில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் சியோவ் வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு ஒரு கோப்பி வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார். புற்று இல்லை. மண்ணீரலின் சொந்தச் சதையே ஓரிடத்தில் ஒழுங்கு தப்பி உருண்டையாக வளர்ந்திருக்கிறது. யாரையும் கொல்லாத கட்டி. "நாம் பார்த்தது சரிதான். நினைத்ததுதான் தவறு" என்றார். பிறகு கோப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

நான் கோப்பியைக் குடிக்கவில்லை. வார்டுக்கு ஓடினேன். வராந்தாவிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன், வாய் மூடவே இல்லை. ரோஸ்லினுக்கு அதற்குள் சேதி சொல்லிவிட்டார்கள். தலையணையில் சாய்ந்திருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்ப வந்து சிரிக்கிற" என்றாள். அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உடம்பு தேறி, பணம் புரட்டி, அக்காவுக்குத் தோதுப்பட்டு ரீத்தா திரும்பி வந்தது அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான். அந்த வயதுக் குழந்தைக்கு அது ஒரு யுகம். ஏர்போர்ட்டில் பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பெற்றவளைப் பார்த்து "சிங்கப்பூர் அம்மா" என்றதாம். பெரியம்மா ஊருக்குத் திரும்பிய நாள் முழுக்க "அம்மா, அம்மா" என்று வாசல் கதவைத் தட்டி அழுததாம். இதெல்லாம் ரோஸ்லின் என்னிடம் சொன்னதல்ல. அவள் சொன்னது ஒன்றே ஒன்று. புது வருடப் பூசை முடிந்து, கோயில் வாசலில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நீ சிரிச்சிருந்தா, எம்புள்ள என்னை மறந்திருக்க மாட்டா."

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதில் என்னிடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அன்று நான் சிரித்து, அது புற்றாகவே இருந்திருந்தால்? அப்போது யார் வந்து என்ன சொல்லியிருப்பார்கள்? இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் குழந்தை தட்டிய கதவை நினைத்தால் கோபம் நிற்பதில்லை, அழுகை வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளாமல் இத்தனை வருடம் என்னோடு குடியிருக்கின்றன.

தமிழ்ப் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டுக்கு அருகே ஆங்கிலப் பூசைக்குப் போய், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் நீண்டுகொண்டே போகும். ரேடியோவை வைத்துவிட்டு எதையாவது தேய்த்துக் கழுவுவேன். யாராவது கதவைத் தட்டினால் பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுக்காக இருக்கும்.

எண்பதுகளில் புது மெஷின் வந்தது. இரும்புக் கை போய்விட்டது. உள்ளே அசைவதை அசையும்போதே பார்க்கலாம். அதற்குச் சக்கரம் இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. மண்ணீரல் பார்க்க வேண்டிய ஆள் வந்தால் மெஷினைப் படுக்கையின் இடப்பக்கத்துக்குத் தள்ளிப் போய்விடுவேன். நோயாளி ஒருக்களித்தால் முதுகு என் பக்கம் வரும், முகம் சுவரைப் பார்க்கும். கை கோணும், மணிக்கட்டு வலி பிடுங்கும். இருந்தாலும் நிம்மதி. கொஞ்ச நாள் இப்படியே ஓட்டினேன்.

ஒருநாள் டாக்டர் சியோவ் உள்ளே வந்தார். படுக்கையில் ஒரு பாட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். பாட்டி போன பிறகு, தானே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்தினார். குடையைக் கையில் எடுத்தபடி சொன்னார்: "இருட்டறையில் அவர்களுக்குப் பார்க்க ஒரு முகமாவது இருக்கட்டும், ஸ்டெல்லா."

எதுவும் பேசாத முகமாக இருந்தாலுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதற்குப் பிறகு மெஷினை நகர்த்தவும் இல்லை.

எண்பதுகள் முடியும் காலம். ஒரு காலை அறைக் கதவைத் திறந்தால் வெளியே ரோஸ்லின். முன்நெற்றியில் நரை. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவள் உயரத்துக்கு வளர்ந்த பெண். ரீத்தா. நீண்ட காய்ச்சலாம், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுவதாக டாக்டர் சொன்னாராம். அதே இடம். கவுன்டரில் இருந்தவள் என்னிடம் கிசுகிசுத்தாள்: அடுத்த அறை காலியாகத்தான் இருந்ததாம், இந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருந்தாளாம்.

"நான் உள்ள நிக்கலாமா?" என்று கேட்டாள் ரோஸ்லின். என் பெயரைச் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளை என்பதால் தாய் உள்ளே வரலாம். ரீத்தா வலப்பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டது. அந்தப் பக்கம், மகளின் முதுகுக்குப் பின்னால், என்னைப் பார்த்தபடி ரோஸ்லின் நின்றாள். விளக்கை அணைத்தேன். எனக்கு எதிரே இப்போது இரண்டு முகங்கள்.

"ஆண்ட்டி, வலிக்குமா?"

"வலிக்காதும்மா. அர மூச்சு இழுத்துப் பிடி."

மண்ணீரல் கொஞ்சம் பெருத்துத்தான் இருந்தது. காய்ச்சலுக்கு அப்படி ஆகும். மாவு சலித்ததுபோல் ஒரே சீரான சாம்பல். ஓரம் வழவழவென்று. கீழ்முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். கறுப்பு இல்லை. வெள்ளையும் இல்லை. மேல்முனை நுரையீரலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், அங்கேதான் ஏமாற்றும். மூச்சை மாற்றிப் பிடிக்கச் சொல்லி அதையும் இழுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். ஒலியைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தேன். ரோஸ்லின் இமைக்கவே இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் இல்லை. சுத்தம்.

நான் சிரிக்க வேண்டும் என்று சிரிக்கவில்லை. வந்துவிட்டது. அந்த அறையில், வேலைக்கு நடுவில், திரை வெளிச்சத்தில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான்.

ரோஸ்லின் அப்படியே பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அம்மா! அம்மா, ஏன் அழுற?" ரீத்தா எண்ணெய் வயிற்றோடு திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லடி. ஒண்ணும் இல்ல."

டாக்டர் சியோவ் எப்போது வாசலில் வந்து நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்தார், கையை வெந்நீரில் நனைத்தார், புரோப்பை வாங்கித் தானும் ஒருமுறை முழுக்கப் பார்த்தார். "எனக்கு முன்னால் நீயே ரிப்போர்ட் கொடுத்துவிட்டாய் போலிருக்கிறதே" என்றார் என்னிடம், திரையைப் பார்த்தபடி.

ரீத்தா உடை மாற்றப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அடுத்த ரூம் காலியாத்தானே இருந்துச்சு. ஏன் என்கிட்ட வந்த?"

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, பழைய சிநேகமும் இல்லை. களைப்புதான் இருந்தது.

"வேற யாரு சிரிச்சாலும் நான் நம்பியிருக்க மாட்டேன் லா" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் தோசைக் கடையில் சேர்ந்து உட்காரவில்லை. வா என்று அவள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு ரீத்தாவிடமிருந்து ஒரு கார்டு மட்டும் வரும். அதில் அம்மாவின் பெயரும் இருக்கும்.

அன்றைக்கு அவர்கள் இருவரும் வராந்தாவில் நடந்து போவதைக் கதவருகே நின்று பார்த்தேன். ரீத்தா அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு ஏதோ ஓயாமல் பேசிக்கொண்டே போனது. பிறகு உள்ளே வந்து படுக்கைத் துணியை மாற்றினேன், எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் வைத்தேன். வெளியே பெஞ்சில் ஒரு மலாய்க்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பழையபடி ஆக்க வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.